பேட்ஜ் இல்லாமல் போன நாள்

மலாக்காவில் பாயா ரும்புட் தாமான் என்ற குடியிருப்பில் பவானேஸ்வரி என்ன வேலை பார்க்கிறாள் என்பதற்கு வீட்டுக்கு வீடு ஒரு பதில் வைத்திருந்தார்கள். முனை வீட்டில் கேட்டால், அணுகுண்டு சமாச்சாரம் என்பார்கள். எதிர்வரிசையில் கேட்டால், எக்ஸ்ரே எடுக்கிற பிள்ளை, ஆனால் மனுஷனுக்கு இல்லை, குழாய்க்கு என்பார்கள். இரண்டாவது பதில்தான் சரி. அதில் சுவாரஸ்யம் இல்லாததால் முதல் பதில்தான் நிலைத்தது. பெற்ற தாய் ஜெயமணிகூடக் கோயிலில் யாராவது கேட்டால், எண்ணெய் ஆலையில் ஆபீசர் என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருமுன் சாமி பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

இத்தனைக்கும் அவள் வளர்ந்ததை எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அப்பா இருளாண்டி அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். மகள் ஐந்தாம் படிவத்தில் இயற்பியலில் முதலாக வந்தபோது, டாக்டருக்குப் படிப்பாள் என்று தாமானே கூடி முடிவு செய்தது. அவளோ பாங்கி பல்கலைக்கழகத்துக்குப் போய் அணு அறிவியல் படிக்கிறேன் என்றாள். நாட்டில் அணுமின் நிலையமே இல்லை, இந்தப் பிள்ளை படித்து யார் வீட்டுக்கு சுவிட்ச் போடப் போகிறது என்று கேட்டவர், நாலு வீடு தள்ளியிருக்கும் சுசீலா. நியாயமான கேள்வி. வரும், வரும் என்று அப்போது பேச்சு இருந்தது. அவள் படித்து முடிக்கவும் பேச்சு நிற்கவும் சரியாக இருந்தது. கூடப் படித்தவர்களில் ஒருத்தி இன்சூரன்ஸ் விற்கிறாள். இன்னொருவன் ஜொகூரில் டியூஷன் சென்டர் வைத்து நன்றாகத் தடித்துவிட்டான்.

பவானேஸ்வரியை மட்டும் ஆசை விடவில்லை. படிக்கிற காலத்தில் பாங்கியில் இருக்கும் சிறிய ஆராய்ச்சி உலையைக் காட்ட அழைத்துப் போயிருந்தார்கள். மேல்தளத்தில் நின்று குனிந்து பார்த்தால், ஆழத் தண்ணீருக்கு அடியில் ஒரு நீல ஒளி. சத்தமில்லை, புகையில்லை, சும்மா ஒளிர்ந்துகொண்டு இருக்கிறது. மற்றவர்கள் போன் எடுக்க விடவில்லையே என்று அலுத்துக்கொண்டார்கள். இவள் கம்பியைப் பிடித்தபடி நின்றவள், அங்கேயே நின்றுவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். உடம்பு மட்டும் மலாக்காவுக்குத் திரும்பி வந்தது.

திரும்பி வந்த உடம்புக்குக் கிடைத்த வேலை, சுங்கை ஊடாங் பக்கம் ஒரு ஒப்பந்தக் கம்பெனியில். பெட்ரோல் சுத்திகரிக்கும் எண்ணெய் ஆலைகளில் குழாய்களைப் பற்றவைத்த இடத்தில் உள்ளே ஓட்டை, வெடிப்பு இருக்கிறதா என்று கதிர் பாய்ச்சிப் படம் எடுக்கிற கம்பெனி அது. கதிர் வருவது சுண்டுவிரல் நகத்தளவு உலோகத்திலிருந்து. அதைப் பூட்டி வைத்திருக்கும் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கவேண்டும். வேலை நடக்கும் இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டுவார்கள். கயிற்றுக்குள் போகிற ஒவ்வொருவரும் சட்டையில் ஒரு பேட்ஜ் மாட்டியிருக்க வேண்டும். தீப்பெட்டியில் பாதி அளவு. அவர் உடம்பு எவ்வளவு கதிர் வாங்கியது என்று அது பதிந்து வைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை சோதனைக்கூடத்துக்குப் போய் வரும்.

பொம்பளப் பிள்ளையை எப்படிப் பெட்டி பக்கம் விடுவது என்று முதல் இரண்டு வருஷம் அவளைக் காகித வேலையிலேயே வைத்திருந்தார் முதலாளி சாமிநாதன். நாளைக்குக் கல்யாணம், பிள்ளைகுட்டி என்று வந்தால் என்னைக் கேட்பார்களே என்பது அவர் கவலை. அவள் பரீட்சை எழுதி, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி என்ற சான்றிதழை வாங்கி வந்து அவர் மேசையில் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் கையெழுத்து இல்லாமல் யாரும் பெட்டியைத் திறக்க முடியாது என்றாகிவிட்டது. சாமிநாதன் உட்பட.

அதிகாரி என்றால் சும்மா இல்லை. சுசீலாவின் மகன் திவாகர் அதே கம்பெனியில் படம் எடுப்பவன். கதிர் அளவு கூடிவிட்டால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள், ஓவர்டைம் போய்விடும் என்று, பேட்ஜை லாரியிலேயே விட்டுவிட்டுக் கயிற்றுக்குள் போவான். அவன் மட்டுமில்லை, பாதிப் பேர் அப்படித்தான். அகப்பட்டவன் அவன். பவானேஸ்வரி அவனை மூன்று மாதம் நிறுத்தி வைத்தாள். ஒரே தெரு, ஒரே கோயில், சின்ன வயதில் இவள் கணக்குச் சொல்லிக்கொடுத்த பையன் என்றெல்லாம் பார்க்கவில்லை. அன்று நின்றது சுசீலாவின் பேச்சு. தீபாவளிக்கு முறுக்குக்கூட மூன்றாம் வீட்டோடு நின்றுவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் வளைகுடா நாட்டு அணுமின் நிலையம் ஒன்றில் அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். இணையத்தில் மூன்று சுற்று நேர்காணல். பாதுகாப்புப் பொறியாளர் பயிற்சி, பிறகு உலைப் பக்கமே வேலை. அவள் பாங்கியில் விட்டுவிட்டு வந்ததை எடுத்துக்கொள்ள வாசல் திறந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை வாங்கிய கதிர் அளவின் சான்றை மட்டும் மாத முடிவுக்குள் அனுப்பச் சொன்னார்கள். அதற்கென்ன, தன் பதிவு வெள்ளைத் துணி மாதிரி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த மாதம் பேட்ஜ்கள் சோதனைக்கூடத்திலிருந்து வந்தன. எல்லாருடையதும் வழக்கம்போல. பவானேஸ்வரியுடையது மட்டும், ஒரு வருஷத்துக்கு அனுமதித்த அளவை ஒரே மாதத்தில் தாண்டியிருந்தது.

சட்டம் அவளுக்கே மனப்பாடம். கதிர் வேலையிலிருந்து உடனே விலக வேண்டும், ரத்தம் கொடுக்க வேண்டும், உரிமம் தருகிற இலாகாவுக்குச் சொல்ல வேண்டும். கம்பெனி டாக்டரின் கிளினிக் பாயா ரும்புட்டிலேயே. அங்கே கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று கேட்டால், சுசீலா. ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு பவானேஸ்வரி வீடு வந்து சேருவதற்குள், செய்தி மோட்டார் சைக்கிளில் ஏறி முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. ரத்தத்தில் கலந்துவிட்டதாம். இனிமேல் குழந்தை பிறக்காதாம். பிறந்தாலும் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காதாம். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்த மாப்பிள்ளை வீட்டார், வீட்டில் யாருக்கோ காய்ச்சல் என்று போன் செய்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கும் அதே காய்ச்சல்.

மாப்பிள்ளை போனது பவானேஸ்வரிக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவளை வாட்டியது வேறு. தனக்குத் தெரியாமல் எங்கே, எப்போது இவ்வளவு வாங்கினோம்? பெட்டியைச் சோதித்தாள், அளவுமானியைச் சோதித்தாள், மாதம் முழுக்க நின்ற இடமெல்லாம் மனசுக்குள் நடந்து பார்த்தாள். கசிவு என்றால் பக்கத்தில் நின்றவர்களுக்கும் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. குளிக்கும்போது தோலில் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்தாள். அந்த அளவுக்குச் சிவக்காது என்று தெரிந்தும் பார்த்தாள். படித்த படிப்பெல்லாம் பயத்துக்கு முன்னால் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. வளைகுடாவிலிருந்து நினைவூட்டல் வந்தது. பதில் போடாமல் வைத்திருந்தாள்.

வேலையில்லாமல் வீட்டில் இருந்ததால், இருளாண்டியை சிறுநீரக டாக்டரிடம் அழைத்துப் போகும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. போன மாதம்தான் அவருக்கு வயிற்றில் சிடி ஸ்கேன் எடுத்திருந்தார்கள். அன்று கூடப் போனது ஜெயமணி. கல் என்று சொல்லி, பெரிய உறையில் படத்தைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். புறப்படுமுன் பவானேஸ்வரி படத்தை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். குழாய்ப் படம் பார்த்துப் பழகிய கை, சும்மா இருக்காது. கல் தெரிந்தது. முதுகெலும்பு தெரிந்தது. இடுப்பெலும்புக்கு மேலே, வயிற்றின் ஓரத்தில், இன்னொன்றும் தெரிந்தது. சின்னச் செவ்வகம். அதற்குள் பொட்டுப் பொட்டாக மூன்று சதுரங்கள் வரிசையாக.

மனித உடம்பில் சதுரமாக எதுவும் கிடையாது. அந்த மூன்று சதுரங்கள் என்ன என்று அவளைக் கேட்க வேண்டியதில்லை. பேட்ஜுக்குள் இருக்கும் உலோகத் தகடுகள்.

"ம்மா" என்று கூப்பிட்டாள். ஜெயமணி மாவுக் கையோடு வந்தார்.

"அப்பாவ ஸ்கேனுக்கு கூட்டிட்டுப் போனப்ப என் பேட்ஜ எடுத்தீங்களா?"

ஜெயமணி மறைக்கவில்லை. மறைக்கிற விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. "எடுத்தேன்லா. கதிரு பாய்ச்சற மிஷின்னு சொன்னாங்க. நீதான் அது இல்லாம அந்தப் பக்கமே போவமாட்டியே. மத்தவன் மாட்டலன்னா வேலைய வுட்டே நிப்பாட்டுற. அப்ப அது காக்கற சாமான்தானே? துணியில முடிஞ்சி அப்பாவோட அருணாக்கயித்துல கட்டிவுட்டேன். ராத்திரியே உன் பையில பழையபடி வச்சிட்டேன்."

"அங்க யாரும் கேக்கல?"

"அந்த மலாய்க்காரப் பிள்ள கேட்டுச்சி, அஸிமாத்தா, தாயத்தான்னு. ஆமான்னேன். கழட்ட சொல்லிச்சி. சாமி கயிறு, கழட்டக்கூடாதுன்னு அப்பா ஒத்தக்கால்ல நின்னாரு. சரி போங்கன்னு வுட்டுடுச்சி." பிறகு மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன்மா, அழுக்காக்கிட்டேனா?" என்றார்.

தாயத்து என்று சொன்னால் எந்த மிஷினும் நம் ஆட்களிடம் விட்டுக்கொடுத்துத்தான் போகிறது. பவானேஸ்வரி கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். இத்தனை நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போனது மாதிரி இருந்தது. உடம்பில் ஒன்றுமில்லை. எல்லாம் அப்பாவின் இடுப்பு வாங்கியது. ஒரு படத்தைக் காட்டினால் போதும், பதிவு சுத்தமாகிவிடும், வளைகுடாவுக்குப் பதில் போட்டுவிடலாம்.

சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

ஸ்கேன் எடுத்த நாள் எது என்று உறையிலேயே இருந்தது. அந்த நாளை அவள் மறக்கவில்லை. ஆலை முழுவதையும் நிறுத்திப் பழுதுபார்க்கிற சமயம், ஆளுக்கு ஆள் ஓடிக்கொண்டிருந்தார்கள். சுங்கை ஊடாங் கேட்டில் பையைத் திறந்தால் பேட்ஜ் இல்லை. கம்பெனியின் அலோர் காஜா யார்டில் வேறு சட்டையில் விட்டுவிட்டோம் என்று நினைத்தாள். மாற்று பேட்ஜ்கள் எல்லாம் புது ஆட்களுக்குப் போயிருந்தன. அவள் உள்ளே போகவில்லை என்றால் வேலை தொடங்காது, சாமிநாதன் போனில் கத்திக்கொண்டே இருக்கிறார். ஒருநாள்தானே, கயிற்று ஓரத்தில்தானே நிற்கப் போகிறோம். கழுத்துவரை ஜாக்கெட்டின் ஜிப்பை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள். எல்லாரும் பேட்ஜ் மாட்டியிருக்கிறார்கள் என்று வழக்கம்போலக் கையெழுத்தும் போட்டாள். எல்லாரும் என்றால் அவளும்தான். அந்த வெயிலில் ஏன் இந்த அக்கா ஜாக்கெட் போட்டு மூடிக்கொண்டு நிற்கிறது என்று திவாகர் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். கேட்கவில்லை. மறுநாள் பேட்ஜ் பையிலேயே கிடந்தபோது, தான்தான் சரியாகத் தேடவில்லை என்று விட்டுவிட்டாள்.

ஆக, அப்பாவின் இடுப்பைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், அன்று உன் சட்டையில் என்ன இருந்தது என்று கேட்பார்கள். கூப்பிடாவிட்டால், வாங்காத கதிரைத் தன் பேரில் வைத்துக்கொண்டு உலையை மறந்துவிட வேண்டியதுதான்.

சாமிநாதனிடம் போய் உள்ளதைச் சொன்னாள். அவர் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டே கேட்டார். கோபப்படவில்லை. வியாபாரம் பண்ணுகிறவருக்குக் கோபத்தைவிட யோசனைதான் முதலில் வரும்.

"அப்பா கதையெல்லாம் வேணாம். கம்பெனி லைசென்சும் சேந்து போயிடும். பேட்ஜ் ஸ்டோர்ல, பொட்டி பக்கத்துல வுழுந்து கெடந்துச்சின்னு சொல்லுவோம். உன் உடம்புல ஏறல, பேட்ஜுல மட்டும் ஏறிச்சி. நீயும் தப்பிச்ச, நானும் தப்பிச்சேன்."

"ஸ்டோர்ல பேட்ஜ் எப்படி போச்சின்னு கேப்பாங்க போஸ்."

"அந்த வாரம் சாவி திவாகர்கிட்ட. அவன் பேர்ல ஏற்கனவே ஒன்னு இருக்கு. இன்னொன்னு சேந்தா யாரும் ஆச்சரியப்படமாட்டாங்க." அதோடு நிறுத்தாமல், அவனுக்கு வேறு இடத்தில் தானே வேலை பார்த்துக் கொடுப்பதாகவும், அவள் வளைகுடாவுக்குப் போனபிறகு இங்கே எவன் என்ன பேசினால் என்ன என்றும் சொன்னார். இலாகா அதிகாரி புதன்கிழமை வருவதாக இருந்தது.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டாள். முடியாது என்று அங்கேயே சொல்லவில்லை. அதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பிற்பாடு அவளை நல்ல பிள்ளை என்று புகழ்ந்தவர்களுக்கு இது தெரியாது. இரண்டு நாள் அவள் உண்மையாகவே யோசித்தாள். அவன் பேட்ஜை லாரியில் விட்டவன்தானே, என்றைக்காவது ஒருநாள் மறுபடியும் அகப்படத்தானே போகிறான் என்றுகூட யோசித்தாள். நீல ஒளியைக் கண்ணெதிரில் வைத்துக்கொண்டு யோசித்தால், அடுத்தவன் தப்பு நன்றாகவே தெரிகிறது.

செவ்வாய்க்கிழமை மாலை சுசீலா வந்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த வாசல்படி. கையில் தூக்கில் கேசரி, முந்தானையில் முடிந்த திருநீறு. ஜெயமணி கடைக்குப் போயிருந்தார். போனதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார். உட்காரச் சொல்லியும் உட்காராமல், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பிள்ள, திவாகர நீ நிப்பாட்டுனப்ப வயிறு எரிஞ்சி போய் மாரியம்மன்கிட்ட உன் பேர சொல்லி மண்ண வாரி போட்டேன். கிளினிக்குல உன் பேரு வந்ததும் எனக்கு கையெல்லாம் நடுங்கிப்போச்சி. இவ்வளவு கேக்கலமா நானு."

அப்படியும் அந்த நடுங்கிய கையால்தான் தாமான் முழுக்கப் போன் செய்தார் என்பது வேறு விஷயம். பவானேஸ்வரி, அதெல்லாம் ஒன்றுமில்லை ஆன்ட்டி, ரத்தம் நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். சுசீலா நம்பவில்லை. திருநீற்றை எடுத்து அவள் நெற்றியில் இட்டு, தலையை மூன்று முறை சுற்றிப் போட்டு, சாபத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டதாகச் சாமியிடம் உரக்கச் சொன்னார். போகிற வாக்கில் நின்று, திவாகர் வீட்டில் சொன்னதையும் சொன்னார்.

"அவன்கூட சொன்னான். எங்க எல்லார் பேட்ஜும் பொய் சொல்லும்மா, அந்தக்காவோடது மட்டும் சொல்லாது, உண்மையாவே வாங்கிருச்சி போலன்னு. சோறே திங்கலமா அன்னிக்கி."

அவர் போனபிறகும் பவானேஸ்வரி கதவைச் சாத்தாமல் நின்றாள். ஜிப்பை இழுத்துவிட்ட அந்த நாளில் திரும்பிப் பார்த்தவன் இவன்தான். பார்த்தும் அவன் நினைத்தது இதுதான்.

புதன்கிழமை இலாகா அதிகாரியின் முன்னால் படத்தை வைத்தாள். அப்பாவின் அருணாக்கயிறு, அஸிமாத், மூன்று சதுரம் எல்லாம் சொன்னாள். அதிகாரியாக வந்திருந்த மலாய்க்கார அம்மா சிரிப்பை அடக்கக் கொஞ்சம் சிரமப்பட்டார். பிறகு பேனாவை வைத்துவிட்டு, அப்படியானால் அன்று நீ எதை மாட்டிக்கொண்டு உள்ளே போனாய் என்று கேட்டார். எதிர்பார்த்த கேள்விதான். எதையும் மாட்டவில்லை என்றாள். கையெழுத்து போட்டதையும் கேட்குமுன் சொன்னாள். மேசைக்கு அந்தப் பக்கம் சாமிநாதன் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் விசாரணைக்கென்று வரவழைத்திருந்த திவாகர் தன் கால் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும் திரும்பிப் பார்க்காமல் லாரியில் ஏறினான். அவள் நிறுத்தி வைத்த அந்த மூன்று மாதம் அவனுக்கு ஞாபகம் வந்திருந்தால், அதைக் குற்றம் சொல்ல முடியாது.

கதிர் அளவு அவள் பதிவிலிருந்து நீங்கியது. அதிகாரிச் சான்றிதழும் நீங்கியது, ஒரு வருஷத்துக்கு. கம்பெனி ஒரு எச்சரிக்கையோடு தப்பியது. சாமிநாதன் அவளை வெளியே அனுப்பவில்லை. பழைய காகித மேசைக்கே அனுப்பினார், அது அவளுக்கு இன்னும் நன்றாக வலிக்கும் என்று தெரிந்தவர் மாதிரி. வளைகுடாவுக்குச் சுத்தமான சான்று போனது, கூடவே சான்றிதழ் நிறுத்தப்பட்டதன் காரணமும் போனது. அவர்கள் மரியாதையாகத்தான் எழுதினார்கள். கதிர் அளவில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துக்கொள்கிறோம் என்று.

தாமானில் இதற்குள் கதை வேறு உருவம் எடுத்துவிட்டது. சுசீலா திருநீறு இட்டதால்தான் ரத்தம் சுத்தமானது என்று ஒரு கட்சி. சுத்தமானால் ஏன் வேலை போனது என்று இன்னொரு கட்சி. உண்மையைச் சொல்லவேண்டிய பவானேஸ்வரி ஆபீஸ் விட்டு வந்து வாய் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தாள்.

ஜெயமணிக்குப் பாதி புரிந்தது. மீதிப் பாதியை வாரக் கணக்கில் உள்ளேயே வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"அந்த வெளிநாட்டு வேல, நான் அத எடுத்து அப்பாக்கு கட்டினதாலதான் போச்சா?"

பவானேஸ்வரி கையில் இருந்த தண்டைக் கிள்ளினாள். அந்த நாள் காலை கேட்டிலேயே நின்று, பேட்ஜ் காணோம், இன்று நான் உள்ளே வரமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாமிநாதன் கத்தியிருப்பார், ஒருநாள் வேலை நின்றிருக்கும். காணாமல் போன பேட்ஜ் என்று பதிவாகியிருந்தால், அது எந்த இடுப்பில் சுற்றி என்ன வாங்கியிருந்தாலும் ஒரு போனில் முடிந்திருக்கும்.

"இல்லம்மா" என்றாள். "நான் அது இல்லாம உள்ள போனதால."

ஜெயமணிக்கு முதல் வார்த்தை போதுமாக இருந்தது. பெருமூச்சு விட்டு, கீரையை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். இரண்டாவது வாக்கியம் வரவேற்பறையிலேயே மகளோடு உட்கார்ந்திருந்தது.